பத்து வரிகள், பல்லாயிரம் மேற்கோள்கள்



ஓர் ஆய்வாளரின் பக்கத்தைக் கூகுள் ஸ்காலரில் திறந்தால் ஒரு சிறு கட்டம் கண்ணில் படும். மொத்த மேற்கோள்கள் எத்தனை, எச்-இன்டெக்ஸ் எவ்வளவு என்று சில எண்கள் அதில் இருக்கும். ஆளெடுக்கும் குழு, பதவி உயர்வுக் குழு, நிதி கொடுக்கும் குழு என எல்லாரும் முதலில் பார்ப்பது அதைத்தான். பல நேரங்களில் அதற்குமேல் எதையும் பார்ப்பதில்லை. அந்த எண்கள் உண்மையில் எதை எண்ணுகின்றன என்பதுதான் இன்று என் பேச்சு. எல்லாத் துறைக்கும் பொதுவாகப் பேசினால் நீர்த்துப்போகும் என்பதால் மனித–கணினி ஊடாட்டம் என்ற ஒரே துறைக்குள் நிற்கிறேன். மனிதர்கள் கணினியோடு எப்படி மல்லுக்கட்டுகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள், எதைச் செய்தால் அந்தத் தடுமாற்றம் குறையும் என்று ஆராயும் துறை அது. அதிலும் நிறைய நேரம் ஒரே ஒருவருடைய பதிவேட்டில் செலவழிக்கப் போகிறேன்.

அவர் பெயர் ஜான் புரூக். 1980களில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்துக்கு இங்கிலாந்தின் ரெடிங் நகரில் ஒரு கிளை இருந்தது. அங்கே அலுவலகங்களுக்கான மென்பொருள் செய்யும் பிரிவில் அவர் வேலை பார்த்தார். புதிதாகச் செய்த மென்பொருளைச் சிலரிடம் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பது அங்கே வழக்கம். கடைசியில், "உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்க வேண்டும். நீளமான படிவத்தை நீட்டினால், அதுவரை அந்த மென்பொருளோடு போராடிக் களைத்தவர் பாதியில் எரிச்சலடைவார், அல்லது கண்ணை மூடிக்கொண்டு கோடு போடுவார். அதனால் மிகச் சின்னப் படிவம் ஒன்று தேவைப்பட்டது.

புரூக் ஐம்பது வாக்கியங்களை எழுதினார். செயலர் முதல் கணினி நிரலாளர் வரை பல வேலைகளில் இருந்த இருபது பேரைக் கூப்பிட்டார். இரண்டு மென்பொருள்களைக் காட்டினார். ஒன்று யாருக்கும் எளிதானது, மற்றொன்று கைதேர்ந்த நிபுணர்கள்கூட ஏறக்குறையப் பயன்படுத்த முடியாதது. இந்த இரண்டையும் மிகத் தெளிவாகப் பிரித்துக் காட்டிய பத்து வாக்கியங்களை மட்டும் வைத்துக்கொண்டார். ஒரு வாக்கியம் பாராட்டாக இருக்கும், அடுத்தது குறையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாராட்டு வாக்கியங்களில் பெற்ற எண்ணிலிருந்து ஒன்றைக் கழிப்பது, குறை வாக்கியங்களில் ஐந்திலிருந்து பெற்ற எண்ணைக் கழிப்பது, எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்குவது. 0 முதல் 100 வரை ஏதோ ஓர் எண் வரும். இரண்டு நிமிட வேலை. இதற்கு எஸ்.யூ.எஸ். என்று பெயர், அதாவது ‘சிஸ்டம் யூசபிலிடி ஸ்கேல்’.

இது நடந்தது 1986-ல். அச்சில் வந்ததோ பத்து ஆண்டுகள் கழித்து, 1996-ல், தொழில்துறையில் பயன்பாட்டு மதிப்பீடு பற்றிய ஒரு தொகுப்பு நூலின் ஓர் அத்தியாயமாக. தலைப்பிலேயே தன் அளவுகோலைச் சட்டுபுட்டென்று ஒப்பேற்றியது என்று புரூக் சொல்லிக்கொண்டார். அத்தியாயமும் சில பக்கங்கள்தான். அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, என் பேச்சுக்கு அதுதான் ஆதாரம்: இந்த அளவுகோலை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம், ஆனால் அறிக்கை வெளியிட்டால் இது எங்கிருந்து வந்தது என்று குறிப்பிட வேண்டும்.

இதன் பொருளைக் கவனியுங்கள். காசு வாங்கவில்லை, உரிமம் கேட்கவில்லை. விலையாகக் கேட்டது ஒரே ஒரு மேற்கோள். உலகமும் அந்த விலையைக் கறாராகக் கட்டிவருகிறது. மருத்துவமனைச் செயலி, வங்கி இயந்திரம், காரின் தொடுதிரை என எதைச் சோதித்தாலும் கடைசியில் இந்தப் பத்து வரிகள் வருகின்றன, அடியில் ‘புரூக், 1996’ என்று ஒரு குறிப்பும் வருகிறது. அந்த அத்தியாயத்தின் மேற்கோள் எண்ணிக்கை பல்லாயிரம். இன்று நான் சொல்லும் எண் நீங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்குள் மாறிவிடும், அதனால் சொல்லவில்லை.

இப்போது இந்த மனிதருக்கு எச்-இன்டெக்ஸ் போட்டுப் பாருங்கள். 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு அது. ஒருவருடைய கட்டுரைகளில் பத்து, தலா பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் பத்து. இருபது கட்டுரைகள் தலா இருபது முறை என்றால் இருபது. ஒரே கட்டுரைக்கு இருபதாயிரம் மேற்கோள் இருந்தாலும் இந்தக் கணக்கில் அதற்கு ஒரு படி மட்டுமே. ஒரே வெற்றியால் ஒருவர் உயர்ந்துவிடக் கூடாது, தொடர்ந்து எழுதுபவருக்கே மதிப்பு என்பது இதன் நோக்கம். நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் நடுத்தரமாக நாற்பது கட்டுரை எழுதிய ஒருவர், துறையே தினமும் கையில் எடுக்கும் கருவியைச் செய்தவரை எளிதாகத் தாண்டிவிடுவார். மொத்த மேற்கோளைப் பார்த்தால் புரூக் மலை, எச்-இன்டெக்ஸைப் பார்த்தால் மேடு. கட்டத்தில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஹிர்ஷே 2020-ல் தன் அளவுகோல் தவறான விளைவுகளைத் தரக்கூடும் என்று எழுதினார். குழுக்களில் அதற்குப் பிறகும் எதுவும் மாறியதாக எனக்குத் தெரியவில்லை.

புரூக் மட்டும் விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த சான்ட்ரா ஹார்ட், லோவல் ஸ்டேவ்லண்ட் என்பவரோடு சேர்ந்து 1988-ல் ஒரு தொகுப்பு நூலில் எழுதிய அத்தியாயம் நாசா டி.எல்.எக்ஸ். என்ற படிவத்தைத் தந்தது. ஒரு வேலை மனத்துக்கும் உடலுக்கும் எவ்வளவு பாரம், நேர நெருக்கடி எவ்வளவு, எரிச்சல் எவ்வளவு என்று ஆறு வகையில் கேட்பது. விமானிகளுக்காகத் தொடங்கியது, இன்று கைபேசி விசைப்பலகையைச் சோதிப்பவர்கள்கூட அதைத்தான் கொடுக்கிறார்கள். இன்னொருவர் பால் ஃபிட்ஸ். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளரான அவர், இரண்டு உலோகத் தகடுகளை ஓர் உலோகக் கோலால் மாறி மாறித் தட்டச் சொல்லி, இலக்கு தூரமாகவும் சிறிதாகவும் ஆக எவ்வளவு கூடுதல் நேரம் பிடிக்கிறது என்று 1954-ல் ஒரு சமன்பாடு கண்டார். 1965-ல் இறந்துவிட்டார். டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற பொறியாளர் சான் பிரான்சிஸ்கோவில் மவுசை மேடையேற்றிக் காட்டியது 1968-ல். ஆக ஃபிட்ஸ் மவுசைப் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 1978-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்டூவர்ட் கார்டும் அவரது குழுவினரும் மவுசின் நகர்வு அந்தச் சமன்பாட்டுக்குப் பொருந்துகிறது என்று காட்டிய பிறகு, புதிதாக எந்தச் சுட்டும் கருவி வந்தாலும் ஃபிட்ஸ் பெயர் கட்டாயமாகிவிட்டது. அவர் காலத்தில் பிறந்தேயிராத ஒரு துறையின் மேற்கோள்கள் அவர் கணக்கில் இன்றும் ஏறிக்கொண்டிருக்கின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘ஃபிட்ஸ், 1954’ என்று போட்டுவிட்டுப் பலர் எழுதும் சமன்பாடு அந்தக் கட்டுரையில் இல்லை. அது பின்னாளில் ஸ்காட் மெக்கன்சி திருத்தித் தந்த வடிவம்.

மேற்கோள் என்பதற்கு நாம் வழக்கமாகத் தரும் விளக்கம், ஒருவரின் கருத்து இன்னொருவருக்கு உரமானது என்பது. மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி அப்படிப்பட்டவை அல்ல. அவை வாடகைச் சீட்டுகள்: கருவியை எடுத்தேன், பெயரைக் குறித்தேன், திருப்பி வைத்தேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானோர் நம்பி எடுக்கும் கருவியைச் செய்வது சாதாரண சாதனை அல்ல. ஆனால் அது வேறு வகைச் சாதனை. அந்த வேறுபாடு கட்டத்தில் தெரிவதில்லை. ஏன் தெரிவதில்லை என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

மேற்கோள்களை அட்டவணையிடும் பழக்கம் அறிவியலில் பிறந்ததல்ல, நீதிமன்றத்தில் பிறந்தது. அமெரிக்காவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் 1873-ல் தொடங்கிய அட்டவணை வழக்கறிஞர்களுக்கானது. ஒரு பழைய தீர்ப்பைக் காட்டி வாதாடப் போகிறீர்கள். அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா, மேல்நீதிமன்றம் அதை அடித்துவிட்டதா என்று தெரியாமல் போய் நின்றால் எதிர்த்தரப்பு உங்களைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடும். ஷெப்பர்டின் அட்டவணை ஒவ்வொரு தீர்ப்பின்கீழும் அதைப் பிற்காலத்தில் குறிப்பிட்ட தீர்ப்புகளை எல்லாம் வரிசையாகத் தந்தது. அத்தோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சிற்றெழுத்து இருக்கும். பின்பற்றப்பட்டது என்றால் ஓர் எழுத்து, கண்டிக்கப்பட்டது என்றால் இன்னொன்று, இது வேறு மாதிரி வழக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தால் ஒன்று, ரத்து செய்யப்பட்டிருந்தால் ஒன்று. எத்தனை முறை என்பதைவிட எந்த எழுத்து என்பதுதான் வழக்கறிஞருக்கு முக்கியம்.

1953-ல் ஷெப்பர்ட் நிறுவனத்தின் ஓய்வுபெற்ற துணைத்தலைவர் வில்லியம் ஆடேர், யூஜின் கார்ஃபீல்டு என்ற இளைஞருக்கு இதைப் பற்றிக் கடிதம் எழுதினார். கார்ஃபீல்டு அதைப் பிடித்துக்கொண்டார். 1955-ல் ‘சயின்ஸ்’ இதழில் அறிவியலுக்கும் இப்படி ஓர் அட்டவணை வேண்டும் என்று எழுதினார். பின்னர் ஃபிலடெல்ஃபியாவில் நிறுவனம் தொடங்கி, 1960களின் தொடக்கத்தில் அதைக் கொண்டுவந்தும் காட்டினார். இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ் அதன் வாரிசு. ஆனால் வரும் வழியில் ஒன்று விழுந்துவிட்டது, அந்தச் சிற்றெழுத்துகள். தீர்ப்புகளைப் படித்து எழுத்திட ஷெப்பர்டிடம் ஆட்கள் இருந்தார்கள். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் வரும் அறிவியல் மேற்கோள்களை யார் படிப்பது? கார்ஃபீல்டுக்கு இது தெரியாததல்ல. ஒருவர் இன்னொருவரை மேற்கோள் காட்டப் பதினைந்து காரணங்கள் இருக்கலாம் என்று அவரே பட்டியல் போட்டிருக்கிறார். முன்னோடிக்கு மரியாதை, முறையியலைச் சுட்டுவது, மறுப்பு, திருத்தம் எல்லாம் அதில் உண்டு. அட்டவணையில் அந்தப் பதினைந்தும் ஒன்றாகிவிட்டன. ஒரு மேற்கோள், ஓர் எண்.

எழுத்துகள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு எஸ்.யூ.எஸ். படிவத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. தன் அளவுகோல் ஒரே ஒரு பண்பைத்தான் அளக்கிறது என்று புரூக் கருதினார். 2009-ல் ஜேம்ஸ் லூயிஸ், ஜெஃப் சாரோ இருவரும் புள்ளியியல் ஆய்வு செய்து, இல்லை, இதில் இரண்டு பண்புகள் ஒளிந்திருக்கின்றன என்றார்கள். பயன்படுத்த எளிது என்பது ஒன்று, கற்க எளிது என்பது மற்றொன்று. நாலாவது, பத்தாவது வாக்கியங்களைத் தனியே கூட்டினால் கற்கும் எளிமை வரும் என்றார்கள். பலரும் அப்படியே கூட்டத் தொடங்கினார்கள். 2017-ல் அதே இருவர், இன்னும் பல மடங்கு பெரிய தரவைக் கையில் வைத்துக்கொண்டு, நாங்கள் சொன்ன இரட்டைப் பிரிவு நிற்கவில்லை என்று எழுதினார்கள். தெரிந்த பிரிவு வாக்கியங்கள் பாராட்டாக இருக்கின்றனவா குறையாக இருக்கின்றனவா என்பதால் வந்தது மட்டுமே. இது நேர்மையான செயல். நம் துறைகளில் அபூர்வமும்கூட. ஷெப்பர்டின் அட்டவணையாக இருந்தால் 2009 கட்டுரையின்மேல் ரத்து எழுத்து விழுந்திருக்கும். இங்கே 2009 கட்டுரையின் எண்ணிலிருந்து ஒன்றும் குறையவில்லை. 2017 கட்டுரை அதைச் சுட்டியதால் கூடுதலாக ஒன்று ஏறியிருக்கும்!

படிவத்தைக் கையாளும் விதத்திலும் எழுத்து தேவைப்படுகிறது. இதே சாரோவும் லூயிஸும் 2011-ல், பிறர் சேகரித்த 27 எஸ்.யூ.எஸ். தரவுத் தொகுப்புகளைச் சரிபார்த்தபோது மூன்றில் மதிப்பெண் கணக்கே தவறாக இருந்தது. குறை வாக்கியங்களைத் திருப்பிப் போட மறந்திருக்கிறார்கள். வந்த எண்ணைச் சதவீதமாகப் படிப்பவர்களும் உண்டு. 68 வாங்கினால் நம் ஊர்ப் பழக்கத்தில் முதல் வகுப்பு. எஸ்.யூ.எஸ்.ஸில் அது சுமார் சராசரி. ஏ.டி.&டி. நிறுவனத்தில் பேங்கர், கோர்ட்டம், மில்லர் மூவரும் 2,300-க்கும் மேற்பட்ட படிவங்களைத் திரட்டி 2008-ல் வெளியிட்டபோதும் சராசரி 70-ஐ ஒட்டித்தான் வந்தது. தவறாகக் கூட்டியவரும், சரியாகக் கூட்டித் தவறாகப் படித்தவரும், எல்லாவற்றையும் சரியாகச் செய்தவரும் புரூக் கணக்கில் ஆளுக்கொன்று சேர்த்துவிட்டுப் போகிறார்கள்.

கருவிகளை விடுங்கள், கருத்துகளுக்கு வருவோம். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் மார்க் வைசர் 1991 செப்டம்பரில் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் இருபத்தோராம் நூற்றாண்டின் கணினியைப் பற்றி எழுதினார். மின்சார மோட்டார்கள் எப்படி இயந்திரங்களுக்குள் மறைந்து நம் கவனத்திலிருந்து போய்விட்டனவோ, அப்படிக் கணினியும் சுவரிலும் மேசையிலும் கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போக வேண்டும் என்பது அவர் கனவு. பொதுவாசகர்களுக்கான இதழில் வந்த கட்டுரை அது. வைசர் 1999-ல், 46 வயதில் இறந்துவிட்டார். கட்டுரை சாகவில்லை. எங்கும் பரவிய கணினியியல் என்ற கிளைத்துறையே அதன்மேல் நிற்கிறது. அந்தத் துறையின் கட்டுரைகள் பலவற்றில் முதல் பத்தியில் வைசருக்கு ஒரு கும்பிடு கட்டாயம் இருக்கும். 2007-ல் ஜெனீவீவ் பெல், பால் டூரிஷ் இருவரும் ஒரு சங்கடமான கேள்வி கேட்டார்கள்: வைசர் சொன்ன நாளை ஏற்கெனவே வந்து போய்விட்டது, சிங்கப்பூரையும் தென்கொரியாவையும் பாருங்கள், பிறகு ஏன் நீங்கள் இன்னும் 1991-ல் சொன்ன எதிர்காலத்துக்காகக் காத்திருக்கிறீர்கள்? என் பார்வையில் இதுதான் ஒரு மேற்கோள் செய்ய வேண்டிய வேலை. படித்து, எடைபோட்டு, மறுத்துப் பேசுவது. முதல் பத்திக் கும்பிடும் இதுவும் எண்ணிக்கையில் ஒன்றுக்கொன்று சமம்.

போகிறபோக்கில் தூவும் மேற்கோளால் கெடுதலும் உண்டு. ஜோ மார்ஷல், கானர் லினஹன் இருவரும் உடற்பயிற்சி விளையாட்டுகள் பற்றிய ஆய்வுகளை எடுத்து, அவை மேற்கோள் காட்டிய மருத்துவக் கட்டுரைகளைத் தேடிப் படித்தார்கள். மூலம் சொன்னதும் மேற்கோள் சொன்னதும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை என்று 2017-ல் எழுதினார்கள். விளையாட்டு உடலுக்கு நல்லது என்று நிறுவ ஒரு பெயர் வேண்டியிருந்தது, பெயர் கிடைத்தது, உள்ளே யாரும் போகவில்லை.

எந்தப் பதிவேட்டிலும் ஏறாத மனிதர்களும் இருக்கிறார்கள். 1970களில் ஜெராக்ஸ் பார்க்கில் டிம் மாட்டோடு சேர்ந்து லாரி டெஸ்லர் செய்த ஜிப்சி என்ற எழுத்துத் தொகுப்பியில்தான் வெட்டி ஒட்டும் முறை இன்றைய வடிவில் உருவானது. மனித–கணினி ஊடாட்டத்தில் இதைவிட அதிகம் பயன்பட்ட கண்டுபிடிப்பைச் சொல்லச் சொன்னால் நான் திணறுவேன். ஒவ்வோர் ஆய்வுக் கட்டுரையின் மேற்கோள் பட்டியலும் அந்த முறையால்தான் தட்டச்சாகிறது. பட்டியலில் டெஸ்லர் மட்டும் இருக்க மாட்டார்.

இனி, இந்தத் துறைக்கே உரிய ஒரு சிக்கல். மற்ற அறிவியல்களில் ஆய்விதழ்தான் பெரிது, மாநாடு என்பது நண்பர்களைப் பார்க்கப் போகும் இடம். கணினியியலில் தலைகீழ். 1982-ல் மேரிலாந்தின் கெய்தர்ஸ்பர்க்கில் நடந்த கூட்டத்திலிருந்து வளர்ந்து, 1983 முதல் சி.எச்.ஐ. என்ற பெயரில் நடந்துவரும் மாநாட்டில் கட்டுரை வருவது பல ஆய்விதழ்களில் வருவதைவிடக் கடினம். அனுப்பப்படுவதில் நாலில் மூன்று திரும்பிவரும். ஆனால் கார்ஃபீல்டின் அட்டவணை ஆய்விதழ்களை நம்பிக் கட்டப்பட்டது. 2008-ல் லோக்மன் மெஹோ, இவோன் ராஜர்ஸ் இருவரும் பிரிட்டனின் ஈக்வேட்டர் திட்டத்தைச் சேர்ந்த 22 முன்னணி ஊடாட்ட ஆய்வாளர்களின் பதிவேடுகளை வெப் ஆஃப் சயின்ஸிலும் அதன் போட்டித் தரவுத்தளமான ஸ்கோபஸிலும் ஒப்பிட்டார்கள். மாநாட்டுத் தொகுப்புகளைச் சேர்த்திருந்த ஸ்கோபஸ் கணிசமாகக் கூடுதல் மேற்கோள்களைக் காட்டியது. ஆய்விதழ்களை மட்டும் எண்ணினால் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது மனிதர் அவரேதான், வேலையும் அதேதான், பார்க்கும் ஜன்னலுக்கேற்ப ஆள் வளர்கிறார், குறுகுகிறார். எச்-இன்டெக்ஸை இயந்திரம் சொல்வதை நம்பாமல் கையால் கணக்கிடுங்கள் என்பதும் அவர்கள் பரிந்துரை.

நம் நாட்டில் இதன் விளைவு கண்கூடு. பல்கலைக்கழக மானியக் குழு 2010-ல் கொண்டுவந்த புள்ளிமுறையில் மாநாட்டுக் கட்டுரைக்கு ஆய்விதழ்க் கட்டுரையைவிடக் குறைந்த புள்ளியே இருந்தது. எந்த மாநாடு என்ற கேள்வி அங்கே எழவில்லை. தேர்வுக் குழுக்களில் நான் கண்டிருக்கிறேன்: சி.எச்.ஐ. கட்டுரை வைத்திருந்த விண்ணப்பதாரரிடம், "இதெல்லாம் கருத்தரங்குதானே, ஜர்னல் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பார்கள். மேலைநாட்டிலும் இந்த நெருக்கடி இருந்ததால்தான் கணினியியலாளர் சங்கமான ஏ.சி.எம். 2017-ல் மாநாட்டுத் தொகுப்புகளில் சிலவற்றை ஓர் ஆய்விதழ் வரிசையாகவே மாற்றிக்கொண்டது. அட்டைதான் மாறியது, குழுக்கள் அமைதியடைந்தன. இவ்வளவுக்கும் புரூக்கின் அத்தியாயம், ஹார்ட்டின் அத்தியாயம், வைசரின் இதழ்க் கட்டுரை மூன்றுமே சி.எச்.ஐ. மாநாட்டிலும் வரவில்லை, தரவரிசை ஆய்விதழிலும் வரவில்லை.

மாநாட்டுக்குள் மட்டும் தரம் பார்த்துப் பிரிக்க முடிந்ததா? கிறிஸ்டோஃப் பார்ட்னெக்கும் ஜுன் ஹூவும் 2009-ல் சி.எச்.ஐ. மேடையிலேயே ஒரு கணக்கை வாசித்தார்கள். அந்த மாநாட்டின் சிறந்த கட்டுரை விருது பெற்றவை மற்றக் கட்டுரைகளைவிட அதிகமாக மேற்கோள் காட்டப்படவில்லை. விருதுக் குழு உட்கார்ந்திருந்த இடத்தில் இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். இதே பார்ட்னெக்தான் 2016-ல், கைபேசியின் தானியங்கிச் சொல்நிரப்பி தந்த சொற்களை வரிசையாக ஏற்று, அணு இயற்பியல் பற்றி ஒரு பிதற்றலை உருவாக்கி, ஒரு மாநாட்டுக்கு அனுப்பி, ஏற்பும் வாங்கினார். பதிவேட்டில் ஒரு வரி கூட்ட இப்படியும் வழி இருக்கிறது.

நூலகவியல் மாணவர்கள் இங்கே இருப்பதால் ஒரு சின்ன விலகல். பதிவேடு என்றாலே முதல் கேள்வி அது யாருடையது என்பது. மேலைத் தரவுத்தளங்கள் குடும்பப்பெயர் என்ற ஒன்று எல்லாருக்கும் இருப்பதாக நம்புகின்றன. நமக்கு இருப்பது முன்னெழுத்து. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன் பெயரில் ஊர் ஒன்று, தந்தை பெயர் ஒன்று, தன் பெயர் ஒன்று. 1948-லேயே நூலகப் பணிகளைப் புள்ளியியலால் அளக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் லீமிங்டன் ஸ்பாவில் நூலகர்களிடம் பேசியவர் அவர். இன்று ஆய்வு மாணவராக இருந்தால் கடவுச்சீட்டில் தந்தை பெயரை விரித்து எழுதிய பாவத்துக்கு, பாதிக் கட்டுரைகள் தந்தையின் பெயரில் போயிருக்கும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரப்படும், 2012-ல் வந்த ஆர்க்கிட் எண் இதற்கு ஓரளவு மருந்து. முதல் கட்டுரைக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

மறுபடி புரூக்கின் பத்து வரிகளுக்கு வருகிறேன். அந்த வரிகளுக்குப் பின்னால் ஒரு மனிதர் தனியாக, தன் திரைமுன் உட்கார்ந்திருக்கிறார். இதை அடிக்கடி பயன்படுத்த எனக்கு விருப்பமா, எனக்குத் தன்னம்பிக்கை இருந்ததா என்றெல்லாம் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறார். பெங்களூரின் இரண்டு குடிசைப் பகுதிகளில் ஆய்வு செய்து நித்யா சாம்பசிவன், எட் கட்ரெல், கென்டாரோ டோயாமா, பானி நார்டி ஆகியோர் 2010-ல் சி.எச்.ஐ.யில் வேறொரு காட்சியை எழுதினார்கள். அங்கே தொழில்நுட்பம் பலருக்கு இன்னொருவர் வழியாகத்தான் வந்து சேர்கிறது. அக்கம்பக்கத்துப் பிள்ளை எண்ணைத் தட்டித் தருகிறான், தெரிந்தவர் தேடித் தருகிறார், தேவைப்பட்டவர் பலனை மட்டும் பெறுகிறார். இங்கே பயனர் யார்? பொத்தானை அழுத்தியவரா, பக்கத்தில் நின்றவரா? எஸ்.யூ.எஸ். தாளை யாரிடம் நீட்டுவது? துறையின் அடிச்சொல்லையே அசைக்கிற கேள்வி இது. ஆனால் இந்தக் கட்டுரையை வாடகைக்கு எடுக்க முடியாது. நகலெடுக்கப் பத்து வரி இல்லை, பெருக்க 2.5 இல்லை. படித்தால் உங்கள் ஆய்வையே மாற்றி அமைக்க வேண்டியிருக்கும். பல்லாயிரம் மேற்கோளை அதற்கு நான் எதிர்பார்க்க மாட்டேன். 2016 முதல் 2020 வரையிலான சி.எச்.ஐ. கட்டுரைகளை எண்ணிப் பார்த்தவர்கள் வேறொன்றையும் கண்டார்கள். ஆய்வுகளில் 73 சதவீதம் மேலைநாட்டவரை மட்டுமே வைத்துச் செய்யப்பட்டவை. உலக மக்கள்தொகையில் அவர்கள் 12 சதவீதத்துக்கும் குறைவு. மேற்கோள் காட்டும் கைகளும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும் என்பது என் ஊகம்.

தொலைந்த சிற்றெழுத்துகளை மீட்கும் முயற்சிகள் நடக்கின்றன. செமான்டிக் ஸ்காலர் என்ற தேடுபொறி, ஒரு மேற்கோள் பின்னணிக்காகவா, முறைக்காகவா, முடிவுக்காகவா என்று இயந்திரத்தைக் கொண்டு பிரித்துக் காட்டுகிறது. ஓரளவு உதவும். இளைய ஆய்வாளர்கள் பார்க்கலாம். ஆனால் இதை ஒரு மனிதர் கையால் செய்து காட்டிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு.

நாசா டி.எல்.எக்ஸ். செய்த சான்ட்ரா ஹார்ட், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 2006-ல், தன் படிவத்தைப் பயன்படுத்திய அல்லது அலசிய 550 ஆய்வுகளைத் திரட்டி உட்கார்ந்தார். எத்தனை பேர் என்று எண்ணுவதற்காக அல்ல. எந்தத் துறையில் எடுத்தார்கள், எந்த மொழிக்குக் கொண்டுபோனார்கள், எந்தப் பகுதியை மாற்றினார்கள், எதை வெட்டி எறிந்தார்கள் என்று பார்த்தார். ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் படிவம் போயிருந்தது. அதிகம் வெட்டப்பட்டது எது தெரியுமா? ஆறு வகைப் பாரங்களையும் இரண்டிரண்டாக, பதினைந்து இணைகளாக ஒப்பிட்டு, ஒவ்வொருவரும் தனக்கு எது முக்கியம் என்று எடை தரும் பகுதி. ஹார்ட்டும் ஸ்டேவ்லண்டும் மிகுந்த உழைப்பால் சேர்த்த பகுதி அது. ஆட்கள் நேரமில்லை என்று அதைத் தூக்கிவிட்டுச் சும்மா கூட்டிச் சராசரி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேற்கோளில் மட்டும் ‘ஹார்ட், ஸ்டேவ்லண்ட், 1988’ அப்படியே இருந்தது. ஹார்ட் கோபப்படவில்லை. முழுப் படிவத்தையும் வெட்டிய படிவத்தையும் ஒப்பிட்ட 29 ஆய்வுகளைத் தேடிப் பார்த்தார். சிலவற்றில் வெட்டியது கூர்மையாக இருந்தது, சிலவற்றில் மழுங்கியிருந்தது, சிலவற்றில் வேறுபாடே இல்லை. ஆகவே உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டார்.